பெனால்டி மேனேஜருக்கு உரியது

கோச் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், பையில் டிப்ளமா. ஒரே ஒரு குறை. வாயைத் திறந்தால் தன்னம்பிக்கை என்கிறீர்கள். பையன் கோல் போட்டால் அவனுக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது என்கிறீர்கள். பந்தை வானத்துக்கு அடித்தால் தன்னம்பிக்கை போதவில்லை என்கிறீர்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் போல இருக்கிறது.

என் ஆயுளில் நான் பார்த்த ஆட்டக்காரர்களிலேயே அதிகத் தன்னம்பிக்கை உள்ளவர் எங்கள் மேனேஜர்தான். அவர் கால் பட்டு ஒரு பந்துகூடப் போகவேண்டிய இடத்துக்குப் போனதில்லை. அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பயிற்சி முறை, கால் வைக்கும் விதம் எல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கும். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை.

வெள்ளைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போன புதிது. எண்ணூர் போகிற சாலையில் இருந்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். பகலில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் கம்பெனி கால்பந்து அணிக்குக் கோச்சாக மனிதர்களோடு மல்லுக்கட்டுவேன். இரும்பு சொன்னால் கேட்கும்.

எங்கள் அணியில் யார் எங்கே ஆடுவது என்பதைக் காலைப் பார்த்து முடிவு செய்வதில்லை, நாற்காலியைப் பார்த்து முடிவு செய்வார்கள். கோல் போடும் முன்வரிசை ஆபீசர்களுக்கு. நடுவரிசை குமாஸ்தாக்களுக்கு. அடிபடும் பின்வரிசையும் கோல் காக்கும் வேலையும் பட்டறை ஆட்களுக்கு. பெனால்டி கிடைத்தால் மைதானத்தில் உள்ளவர்களில் யாருடைய பதவி பெரியதோ அவர்தான் அடிக்க வேண்டும். இது எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால் மாற்றியிருக்கலாம்.

வருஷா வருஷம் ஷீல்டு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வந்தோம். கடைசியில் நான் ஒரு பேரம் பேசினேன். குரூப் போட்டோவில் முன்வரிசை ஆபீசர்களுக்கு, மைதானத்தில் முன்வரிசை பட்டறை ஆட்களுக்கு. ஆபீசர்கள் உடனே சம்மதித்தார்கள். போட்டோவில் மூச்சு வாங்காது அல்லவா. பெனால்டியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அப்படி முன்வரிசைக்கு வந்தவன்தான் எத்திராஜ். திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துப் பையன். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போக, இவன் பட்டறையில் மண் அச்சு பிடிக்கிற தினக்கூலி. வெறுங்காலில் ஆடுவான். பந்து அவன் காலுக்கு வந்து சேருவதற்கு முன்பே அடுத்து என்ன செய்வது என்று முடிவு எடுத்திருப்பான். கேட்டால் சொல்லத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அவனுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. கல்யாணம் ஆகிச் சில மாதத்திலேயே மாமியார் முனியம்மா மகளைக் காலடிப்பேட்டையில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ‘வேல பர்மனென்ட் ஆவட்டும், அப்பால வந்து இட்டுகினு போ’ என்று ஒரே பேச்சு. தினக்கூலிக்கு எந்த நாள் வேலை இருக்கும், எந்த நாள் இருக்காது என்று யாருக்கும் தெரியாது. எத்திராஜ் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலடிப்பேட்டைக்குப் போய், மனைவி சரோஜாவை மாமியார் முன்னிலையில் பார்த்துவிட்டுத் திரும்புவான். திங்கட்கிழமைகளில் அவன் ஆட்டம் சகிக்காது.

இந்த விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. “ஷீல்டு கொண்டு வாங்க கோச். அன்னைக்கே அந்தப் பையன் பர்மனென்ட்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன தோரணையில் ஷீல்டு ஏற்கெனவே அலமாரியில் இருப்பது போலத் தோன்றியது.

அந்தத் தோரணை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பிருந்த துரை ஊருக்குக் கப்பலேறும்போது பங்களா, நாற்காலி இவற்றோடு ஒரு கோல்ஃப் பையையும் விட்டுவிட்டுப் போனார். எண்ணூர் மணலில் அவர் போட்டு வைத்த கோல்ஃப் மைதானமும் இருந்தது. அங்கே புல் முளைக்காது. குழியைச் சுற்றி எண்ணெய் ஊற்றி மண்ணை இறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு குழியைக் கடல் தின்றுவிட்டது. பதவியோடு வந்த குச்சிகள் என்பதால் நம் மேனேஜரும் ஆட ஆரம்பித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அணி விஷயமாகப் பேச ஒரு நாள் என்னை அங்கே வரச்சொன்னார். நடுவில் கழிமுகத்துத் தண்ணீர் ஒரு கை போல உள்ளே வந்திருக்கும். சுற்றிக்கொண்டு போக நல்ல வழி உண்டு, இரண்டு சின்ன அடியில் தாண்டிவிடலாம். அவர் பையைத் திறந்தார். உள்ளே குட்டையும் நெட்டையுமாகப் பல குச்சிகள். யோசிக்கவே இல்லை, இருப்பதிலேயே நீளமான குச்சியை உருவினார். கொஞ்சம் மணலை அள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார். அடித்தார். பந்து தண்ணீரில் விழுந்தது. இன்னொரு பந்து. அதே குச்சி, அதே தண்ணீர்.

தண்ணீரில் இடுப்பளவு நின்று இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்: “இன்னா தொர, என் மண்டைய குறி வெச்சா அடிக்கிறே? அப்பிடின்னா சொல்லு, நான் நவுந்துக்கினா ஒனக்கு வசதியாப் பூடும்!”

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா கோச்? ரெண்டு தடவை தவறியும் குச்சியை மாத்தல. அதுதான் கான்ஃபிடென்ஸ்.”

கரையில் விழுந்த பந்துகளின் கதை வேறு. எங்கள் ஹெட்கிளார்க் எப்போதும் முன்னால் ஓடி, முள்செடிக்குள் விழுந்த பந்தைக் காலாலேயே நல்ல மண்ணுக்குத் தள்ளி வைத்துவிட்டு, “பிரமாதம் சார், நடுவுல விழுந்திருக்கு” என்பார். வேட்டி நுனி கூட அசையாது. எனக்கு அன்று ஒரு வருத்தம் இருந்தது. அந்த வட்டாரத்திலேயே நல்ல கால் வேலை தெரிந்த மனிதரை நான் அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

ஆக, தம்பிகளே, ஒருவனுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அவனுக்கு முன்னே ஓடிப் பந்தைத் தள்ளி வைப்பது யார் என்று பாருங்கள்.

அந்த வருஷம் எத்திராஜ் போட்ட கோல்களாலும், கோல்கீப்பர் காதர் பாய் தடுத்த கோல்களாலும் நாங்கள் ஷீல்டு ஃபைனலுக்கு வந்துவிட்டோம். காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர், பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். அணியிலேயே உயரமும் அகலமும் அவர்தான். ராயபுரத்தில் ஆட்டம். எதிரணி பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்காரர்கள், கரியில் வளர்ந்த முரடர்கள்.

ஆட்டத்தன்று காலையில் மேனேஜர் சொன்னார்: “இன்னைக்கு நானும் ஆடறேன். ஃபைனல்ல கேப்டன் இல்லாட்டி நல்லா இருக்காது.” பேருக்கு அவர்தான் எங்கள் கேப்டன். போட்டோக்காரர் வருகிறார் என்று ஹெட்கிளார்க் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் மாற்று ஆள் இறக்கும் வழக்கம் இல்லை. பதினொரு பேர் இறங்கினால் இறங்கியதுதான். மேனேஜர் இறங்கினால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். முடியாது என்று சொன்னால் எத்திராஜுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

அணியை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கலைக்க முடியாத நேரம் அது. இருக்கிற சாமானை எங்கே வைத்தால் குறைவாக இடிக்கும் என்று மட்டும்தான் பார்க்க முடியும். நான் யோசித்து, “சார், நீங்கள் இடது ஓரத்தில் நில்லுங்கள். அங்கிருந்து பந்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். அவர்கள் பயந்துவிடுவார்கள்” என்றேன். பந்து அந்தப் பக்கமே போகாதபடி மற்றவர்களிடம் சொல்லிவைத்தேன்.

நான் நினைக்காத ஒன்று நடந்தது. பூட்ஸும் தொப்பியும் போட்ட ஒரு மனுஷர் ஓரத்தில் நின்று, கையை உயர்த்தி “யெஸ்! யெஸ்!” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பின்வரிசை சும்மா இருக்கும்? யாரோ பெரிய ஆட்டக்காரரை வெளியூரிலிருந்து இறக்கியிருக்கிறோம் என்று யார்டுக்காரர்கள் நினைத்துவிட்டார்கள். இரண்டு பேர் அவரை விட்டு அசையவில்லை. நடுவில் வெறும் இடம். எத்திராஜ் அதில் புகுந்து முதல் கோலைப் போட்டான். நான் கோச்சாக இருந்த காலத்தில் வகுத்த மிகச் சிறந்த வியூகம் அதுதான்.

இரண்டாம் பாதியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நம் பக்கத்துக்கே இறங்கி வந்து, நம் ஆள் காலிலிருந்தே பந்தை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் பந்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். காற்றைப் பார்த்தார். கோல்ஃபில் பந்து காத்திருக்கும். யார்டுக்காரப் பையன் காத்திருக்கவில்லை. அவர் காலடியிலிருந்து பந்தை உருவிக்கொண்டு போய் அடித்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று.

“கடப்பாற நட்டா மாதிரி நிக்கிறியே, பந்து இன்னா வேர் வுடுமா?” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். மேனேஜர் அவனைப் பார்த்துக் கையசைத்தார். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்தோடு கோலுக்கு முன்னால் போன எத்திராஜை யார்டுக்காரன் ஒருவன் காலை வாரிவிட்டான். விசில். பெனால்டி.

ராயபுரம் மைதானமே எழுந்து நின்றது. நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். பெனால்டி யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தார். விழுந்து கிடந்த எத்திராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான். கண்ணில் தண்ணீர். வலியினால் இல்லை.

அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் வாளியோடு உள்ளே ஓடினேன். எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் “நீங்கள் அடிக்காதீர்கள்” என்று சொன்னால் அவர் அடித்தே தீருவார். ஆனால் பந்து அசையாமல் நிற்கிறது. கால்பந்தில் கோல்ஃப் போல இருக்கும் ஒரே நேரம் இதுதான். எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

“சார், கோல்ஃபில் நீங்கள் கையால் அடிப்பதில்லையே. குச்சியைத் தேர்ந்தெடுப்பதுதானே உங்கள் வேலை? இங்கே பத்துக் குச்சி இருக்கிறது. எதை எடுக்கிறீர்கள்?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கரெக்ட் கோச்!” என்றார். அணியை ஒரு சுற்று பார்த்தார். எத்திராஜ் அவர் காலடியில்தான் கிடந்தான். அவர் பார்வை அவனைத் தாண்டி, நடுவரிசையைத் தாண்டி, மைதானத்தின் அடுத்த கோடிக்குப் போனது. இருப்பதிலேயே நீளமான குச்சி அங்கே கோல்கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தது.

“காதர்!” என்று கூப்பிட்டார்.

இதுவரை யோசித்தவன் இதையும் யோசித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

காதர் பாய் மைதானத்தின் முழு நீளமும் நடந்து வந்தார். கூட்டம் சிரித்தது. எங்கள் அருகில் குனிந்து தண்ணீர் குடிப்பது போல முணுமுணுத்தார்: “இன்னா மாமு இது? நான் பந்த புடிக்கிறவன். நான் அடிச்சா ஹார்பர் தாண்டிப் போயி வுழும்.”

“பாய், நீயே அடிச்சிடு பாய். என் தலையெழுத்து” என்றான் எத்திராஜ்.

காதர் பாய் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு விநாடி அவனைப் பார்த்தார். “நொண்டாத ஓட முடியுமா?”

“முடியும்.”

“கோட்டுக்கு வெளிய நில்லு. என் காலு பந்து மேல பட்டதும் ஓடியா. நான் அடிக்கல, உருட்டி வுடறேன். மிச்சத்த நீ பாத்துக்கோ தோஸ்து.”

பெனால்டிப் பந்தை முன்னோக்கி உருட்டினால் போதும், கோலுக்குத்தான் அடிக்க வேண்டும் என்று விதி கிடையாது. யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். விசில் ஊதியது. காதர் பாய் பின்னால் போய், பூமி அதிர ஓடி வந்தார். யார்டு கோல்கீப்பர் அந்த உருவத்தைப் பார்த்து முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். காதர் பாய் பந்தைத் தொட்டார். அது தவழ்ந்து முன்னால் போனது. கோல்கீப்பர் விரலை விலக்கிப் பார்ப்பதற்குள் எத்திராஜ் வெறுங்காலால் அதை மூலையில் போட்டுவிட்டான்.

யார்டுக்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்து யோசித்துவிட்டு, நடுக்கோட்டைக் காட்டினார். கோல். நான் வாளியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டேன்.

காதர் பாயை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். உத்தரவை மீறவில்லை, அதிலிருந்த முட்டாள்தனத்தை மட்டும் மீறினார். தன்னால் முடியாது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நம் ஷீல்டு அந்த நிச்சயத்தில் வந்தது. மேனேஜரோ என் தோளைத் தட்டி, “என்னுடைய செலக்‌ஷன் எப்படி?” என்றார். ஹெட்கிளார்க் “பிரமாதம் சார்” என்றார்.

கம்பெனி லாரியில் ஊர்வலமாகத் திரும்பினோம். டிரைவர் பக்கத்தில் மேனேஜர், மடியில் ஷீல்டு. பின்னால் நாங்கள். காலடிப்பேட்டை வந்ததும் எத்திராஜ் லாரியைத் தட்டி நிறுத்தினான். அவனோடு நானும் கீழே இறங்கினேன். அவன் மாமியார் வீடு தெருமுனையிலேயே இருந்தது. சத்தம் கேட்டு முனியம்மா வெளியே வந்தாள்.

“இன்னாடா கூச்சல்?”

“அத்தே, கெலிச்சிட்டோம்! வேல பர்மனென்ட்!”

“காகிதம் கைக்கு வந்துடுச்சா?”

எத்திராஜ் விழித்தான். மேனேஜர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “நான் சொல்றேம்மா. நான்தான் மேனேஜர். நாளைக்கே பர்மனென்ட்.” அதே தோரணை, அதே குரல்.

முனியம்மா லாரிக்குப் பக்கத்தில் வந்தாள். “நீ சொல்றே நைனா. எங்கூட்டுக்காருக்கும் மில்லுல ஒரு தொர இப்பிடித்தான் சொன்னாரு. அப்பால அந்தத் தொரய மாத்திட்டாங்க. புச்சா வந்தவரு, அத நான் சொல்லலியேன்னுட்டாரு. கூலியாவே இருந்து கூலியாவே செத்தாரு. அதான் கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. நீ பர்மனென்டா?”

ஹெட்கிளார்க் அவளை அதட்ட வாயெடுத்தார். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் வானத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடவுமில்லை. மடியில் இருந்த ஷீல்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா. நானும் ஆக்டிங்தான். துரை போனதிலேர்ந்து கல்கத்தா ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வரும் வரும்னு உக்காந்திருக்கேன். வேற ஆளை அனுப்பப் போறதா பேச்சு.”

எங்களில் யாருக்கும் அது தெரியாது. ஹெட்கிளார்க் மட்டும் லாரியின் தரையைப் பார்த்தார்.

“ஒன் சம்சாரத்துக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

அத்தனை நாளும் அந்த மனுஷரை மனசுக்குள் கேலி செய்துகொண்டே இருந்தவன் நான். அந்த நிமிஷம் அவர்மேல் பாவமாக இருந்தது. கூடவே எத்திராஜின் காரியம் கெட்டுவிட்டதே என்று கோபமாகவும் இருந்தது. கடைசி நேரத்தில்தானா இவருக்கு உண்மை பேசத் தோன்றவேண்டும்!

முனியம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். “ஏ சரோஜா! துணிமணியெல்லாம் எடுத்துகினு வா.”

எத்திராஜுக்கு நம்ப முடியவில்லை. “அத்தே, அவரே டெம்பரவரின்றாரே?”

“அதுக்குத்தான்டா. பொய் சொல்றவனா இருந்தா ஆமான்னுட்டு வண்டிய எடுத்துகினு பூட்டிருப்பான். இந்தாளு சொன்னா செய்வான்.” பிறகு மேனேஜரைப் பார்த்தாள். “நைனா, காலைல போனதும் மொத வேலயா இவன் காகிதத்துல கையெழுத்துப் போட்ரு. ஒன்ன மாத்தறதுக்கு முன்னாடி. அப்பால வூட்ல போயி சம்சாரத்தாண்ட சொல்லு. மனசுல வெச்சிகினு எத்தினி நாளுதான் பேஜார்படுவே?”

“போட்டுடறேம்மா” என்றார் மேனேஜர். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

சரோஜா மூட்டையோடு வந்தாள். மேனேஜர் கீழே இறங்கி டிரைவர் பக்கத்து இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எங்களோடு பின்னால் ஏறப் பார்த்தார். ஏற முடியவில்லை. காதர் பாய் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். எத்திராஜின் காகிதத்தில்தான் முதல் கையெழுத்து. மழைக்காலம் முடிவதற்குள் கல்கத்தாவிலிருந்து வேறொருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வந்ததும் பந்து ஆடுகிறவனுக்கெல்லாம் எதற்கு நிரந்தர வேலை, யார் சொன்னது என்று கேட்டார். காகிதத்தை எடுத்துக் காட்டினோம்.